பழம் பண்ணும் புதுக் குழலிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்லிற் செதுக்கிய உருவம் ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் கண்முன் நிற்கின்றது. ஏட்டில் எழுதிய பாட்டுப் படியெடுக்கப்பட்டு வாழ்கின்றது. இசை மாத்திரம் பிறந்த கணத்திலேயே மறைந்துவிடுகின்றது. ஒலிப்பதிவுக் கருவி தோன்றுவதற்கு முற்பட்ட காலத்து இசையை ஆராய்வோன், நேரிற் கேட்டறிய முடியாத ஒன்றைப் பற்றியே பேச வேண்டியவனாகின்றான். இந்நிலையில், இக்காலத்துக் குழற்கலைஞன் ஒருவன் இடைக்காலத்துப் பண்ணொன்றை அடிப்படையாகக் கொண்டு, பாடகரோ பக்கவாத்தியமோ இன்றித் தனிக்குழலுக்கெனப் புதிய உருப்படி ஒன்றை இயற்றுவானாயின், அதில் முன்னோரிடமிருந்து பெற்றது எவ்வளவு, அவனே ஆக்கியது எவ்வளவு என்னும் வினா எழுதல் இயல்பே. அவ்வினாவைத் தமிழர் குழல் மரபையும் ஐரோப்பியரின் ரெக்கோடர்க் குழல் மரபையும் ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது இசைவாணர்க்கு மாத்திரம் உரிய வினா என்று ஒதுக்கிவிடல் பொருந்தாது. பழைமையை மீட்டல் என்பது யாது, புதுமை செய்தல் என்பது யாது, இரண்டையும் மயக்கினால் விளையும் கேடு யாது என்பன வரலாறு பயிலும் மாணவர் யாவரும் எதிர்கொள்ள வேண்டிய வினாக்களாகும். பழைமையைத் தன் உரிமைக்குச் சான்றாகக் காட்டி வாழும் சிறுபான்மைச் சமூகமொன்றுக்கு இவை இன்னும் நெருங்கியவை.

தமிழ் நூல்களிற் குழல்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை ஆசான், குழலோன், யாழாசான் ஆகியோரின் தகுதிகளை வகுத்துரைக்கின்றது. அரங்கில் இசை நிகழ்ந்த ஒழுங்கைக் கூறுமிடத்து, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும் நின்றமையை இளங்கோவடிகள் குறிப்பிடுகின்றார். எனவே, குழல் பின்தொடரும் கருவியாக அன்றி, வழிகாட்டும் கருவியாகவே அங்கு அமைந்தது எனலாம். ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயமகளிர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயர் தாங்கி நின்று ஆடுகின்றனர். கொன்றை, ஆம்பல், முல்லை என்னும் குழல்வகைகளும் அங்குப் பேசப்படுகின்றன.

இந்நூலுக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் குழலின் இலக்கணத்தை விரிவாகத் தருகின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தும் குழல் செய்தற்குரியவை என்றும், அவற்றுள் மூங்கிலே சிறந்தது என்றும் அவர் உரைத்துள்ளார். குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என அளவும் கூறப்பட்டுள்ளது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை இவ்வுரையுடன் பதிப்பித்தமையாலேயே இச்செய்திகள் நம் கைக்கு எட்டின. அவ்வாண்டிலேயே கிழக்கிலங்கையின் காரைதீவில் மயில்வாகனன் என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் பெயர்பெற்று, அப்பதிப்பையே தம் ஆராய்ச்சிக்கு அடித்தளமாகக் கொண்டவர் அவரே.

சிலப்பதிகாரக் குழல் பலரோடு சேர்ந்து ஒலித்த குழல். தனித்து ஒலித்த குழலைக் காண வேண்டுமாயின் 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தை நாட வேண்டும். ஆனாய நாயனார் திருமங்கலத்து ஆயர் குலத்தவர். நிரை மேய்க்கச் சென்றவிடத்துப் பூத்து நின்ற கொன்றை மரத்தின் முன் நின்று, திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்தார் என்பது வரலாறு. மேய்ந்த பசுக்கள் அசைபோடுதலை மறந்தன; பாலுண்ட கன்றுகள் பால்நுரை வாயுடன் நின்றன; பகைகொண்ட விலங்குகளும் பகை மறந்து அருகே நின்றன என்று சேக்கிழார் பாடுகின்றார்.

இவ்வரலாற்றை நாம் பக்திச் சுவைக்காக மாத்திரமே படித்து வந்துள்ளோம். இசை வரலாற்று நோக்கில் இதில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஆனாயர் வாசித்தது பதிகமன்று. குழலூதும் வாயாற் சொல்லைச் சொல்ல இயலாது. ஐந்தெழுத்து மனத்தில் நின்றது, இசை குழலில் நின்றது. இரண்டாவது, சேக்கிழார் மூங்கிலைத் தேர்ந்து அரிந்து துளையிடும் முறை முதலாக, முல்லைப் பண்ணை ஆக்குகையில் தாரமும் உழையும் உரிமைச் சுரங்களாக நின்றமை ஈறாகத் தொழில் நுட்பம் கூறுகின்றார். அவர் காலத்துக் குழற்கலையின் அறிவு அப்பாடல்களிற் பதிந்துள்ளது என்று கொள்ளலாம். மூன்றாவது, ஆனாயர் ஏற்கனவே இருந்த ஒரு பண்ணை எடுத்து, அதில் அந்நேரத்திற்கு உரிய இசையைத் தாமே ஆக்கினார். பண் என்பது முடிந்துபோன பாட்டன்று. பல பாட்டுக்கள் வார்க்கப்படுதற்குரிய அச்சு. ஆகவே, பழம் பண்ணில் தனிக்குழலுக்குப் புதிது புனைதல் நம் மரபிற்குப் புறம்பான செயல் என்று எவரும் கூற இயலாது. அச்செயலுக்கு அறுபத்துமூவருள் ஒருவரே முன்னோடியாக நிற்கின்றார்.

வந்து சேர்ந்ததும் வழியில் இழந்ததும்

அந்த அச்சு நம் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே அடுத்த வினா. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளில் மூவர் பாடிய தேவாரப் பதிகங்கள் பண் வகுப்புடன் நமக்குக் கிடைத்துள்ளன. சோழ மன்னன் வேண்டுகோளின்படி நம்பியாண்டார் நம்பி தில்லையில் ஏடுகளைக் கண்டெடுத்ததையும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த, திருஎருக்கத்தம்புலியூரைச் சேர்ந்த பெண்ணொருவர் அவற்றுக்குப் பண் வகுத்ததையும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. இது புராணச் செய்தியாயினும் ஒரு வரலாற்று உண்மையை உணர்த்துகின்றது. பதிகங்கள் பாடப்பெற்றதற்கும் அவற்றின் பண்கள் முறைப்படுத்தப்பட்டதற்கும் இடையே நெடுங்காலம் கழிந்திருந்தது என்பதையும், சொல்லை ஏடு காத்தது, இசையை ஒரு குடும்பத்தின் குரல் காத்தது என்பதையும் அம்மரபே ஒப்புக்கொள்கின்றது. தமிழிசையின் மிகப் பெரிய மீட்புப் பணி ஒரு பெண்ணின் நினைவாற்றலைச் சார்ந்து நின்றது என்பதும், அப்பெண்ணின் பெயரை நூல் கூறாது விட்டமையும் எண்ணத்தக்கன.

அதன் பின்னர் ஓதுவார் மரபே பண்களைச் சுமந்து வந்துள்ளது. இன்று மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையிலும், இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் பாடுதல் வழக்கம். தக்கராகமும் தக்கேசியும் ஆகிய இரு பண்களும் காம்போதியிலேயே பாடப்படுகின்றன. முன்னோர் இரண்டெனப் பிரித்துப் பெயரிட்டவை நம் செவியில் ஒன்றாகிவிட்டன எனின், இடையில் ஏதோ ஒரு வேறுபாடு மறைந்துபோயிற்று என்பது தெளிவு. கொல்லிப் பண் பாடப்படும் நவரோஜ் என்னும் இராகத்தின் பெயர் பாரசீகச் சொல். புதுநாள் என்பது அதன் பொருள். பெயர் பின்வந்தது என்பதனால் இசையும் பின்வந்தது என்று முடிவுகட்ட இயலாது. ஆயினும், சம்பந்தர் காலத்துப் பண்ணொன்று புதுநாள் என்னும் பெயருடன் நம்மை வந்தடைந்திருத்தல், மரபு என்பது மாறாத பொருளன்று, கைமாறுந்தோறும் கைப்பட்டு உருமாறி வரும் பொருள் என்பதை நமக்கு நினைவூட்டுகின்றது.

எழுத்துச் சான்று முற்றாக இல்லை என்றும் கூற முடியாது. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு, 7ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படுவது. ஏழு பிரிவுகளாகச் சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்துப் பாறையிற் பொறித்துள்ள இக்கல்வெட்டு இசைவரலாற்றில் அரிய பொருளாகும். எனினும், அது பாட்டுக்களைத் தருவதன்று, சுரக்கோவைகளைத் தருவது. காலப் பிரமாணத்தையும் கமகத்தையும் கல் கூறவில்லை. எழுத்துக்களை அறிந்தும் ஒலிப்பை அறியாத மொழியொன்றைப் படிப்பவன் நிலையே அதனைப் படிக்கும் நம் நிலையுமாகும்.

யாழ் நூல் கற்பிக்கும் பாடம்

20ஆம் நூற்றாண்டில் இவ்விழப்பை ஈடுசெய்ய முயன்ற அறிஞருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். மற்றையவர் நம் விபுலாநந்த அடிகள். அவர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் தொழில்நுட்பக் கல்வியும் பெற்றவர், விஞ்ஞானப் பட்டதாரி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பணியேற்றவர். அவருடைய யாழ் நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், நூலிற் கண்டவாறு செய்யப்பெற்ற யாழ்க் கருவிகளுடன் அரங்கேறியது. அடுத்த மாதமே, யூலை 19ஆந் திகதி, அடிகள் கொழும்பிற் காலமானார்.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக அந்நூல் அமைந்துள்ளது. இவ்வொழுங்கே ஒரு முறையியலைக் காட்டுகின்றது. முதலிற் கருவியின் உடலை நூற்சான்று கொண்டு நிறுவுதல். பின்னர் நரம்புகளின் அளவைக் கணிதத்தாற் காணுதல். அதன் பின்னர்ப் பாலைகள் பிறக்கும் வழியை அறிதல். இறுதியிற் பண்ணுக்கும் தேவாரத்துக்கும் வருதல். அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கி அடிமேல் அடி வைத்துச் செல்லும் நெறி அது. நரம்பின் நீளத்தைக் கணக்கினாற் காணலாம். அந்நரம்பைத் தொட்ட விரலின் நடையைக் கணக்கினாற் காண முடியாது. ஆகவே, யாழ் நூலைக் கற்றவன் அதன்வழிப் பெறுவது ஒரு சுர அமைப்பும் ஓர் ஒழுங்குமேயன்றிப் பழைய பாணன் வாசித்த உருப்படி அன்று. இவ்வெல்லையை உணர்ந்து கொள்ளுதலே அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

சென்னையில் 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதலாகப் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடாத்தி வந்துள்ளது. ஓதுவார்களும் இசைப் புலவர்களும் ஓரவையிற் கூடி இன்ன பண் இன்னவாறு பாடப்படுகின்றது என்று ஒப்புநோக்கியமை பயனுள்ள பணி. தமிழிசை இயக்கம் எழுந்த சூழலையும் நாம் மறத்தலாகாது. கச்சேரி மேடையிற் தமிழ்ப் பாட்டுக்கு இறுதியிற் சிறு இடமே கிடைத்த நாட்களில், தமிழிசையின் பழைமையை எடுத்துக்காட்டுதல் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்தது. அன்று அது தேவையாயிருந்தது. எனினும், ஒரு போராட்டத்துக்கு உதவிய வாதம் எக்காலத்துக்கும் ஆராய்ச்சியின் முடிவாகிவிடாது.

மேனாட்டார் கண்ட வழி

இதே இடர்ப்பாட்டை ஐரோப்பியரும் எதிர்கொண்டனர். ரெக்கோடர் என்பது நாதசுரத்தைப் போல நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல். ஊதுவாயிற் செருகிய கட்டை மூச்சை ஒடுங்கிய வழியாற் செலுத்திக் கூரிய விளிம்பில் மோதச் செய்து ஒலியை எழுப்புகின்றது. முன்புறத்தில் ஏழு துளைகளும் பின்புறத்திற் பெருவிரலுக்கு ஒரு துளையும் உள. இன்று நம் நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் கையில் இருக்கும் பிளாஸ்ரிக் குழல் இதன் வழித்தோன்றலே.

நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ற் நகருக்கு அருகிலுள்ள பழைய மாளிகையொன்றின் அகழியில் 1940இல் இடைக்காலத்து ரெக்கோடர் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது எந்த இசையை வாசித்தது என்பதற்குச் சான்று இல்லை. மறுபுறம், லண்டனிற் பேணப்படும் இத்தாலிய ஏட்டுச்சுவடி ஒன்றில் 14ஆம் நூற்றாண்டின் ஆடலிசைகள் பதினைந்து ஒற்றை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அவை எந்தக் கருவிக்கு உரியவை என்று சுவடி கூறவில்லை. அங்கே உடல் கிடைத்தது, பாட்டில்லை. இங்கே பாட்டுக் கிடைத்தது, உடலில்லை. அடியார்க்குநல்லாரின் இருபது விரற் குழலும் ஓதுவாரின் பண்ணும் தனித்தனியே நம்மிடம் வந்து சேர்ந்த நிலைமையை இது ஒத்துள்ளது.

அவ்வாடலிசைகளுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வரும். முதன்முறை முடியாதது போன்று தொங்கி நிற்கும்; மறுமுறை முழுமையாக முடியும். முடிவுகள் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவானவை. இன்றைய கலைஞர்கள் இச்சட்டத்தை வைத்துக்கொண்டு முகவுரையாக ஓர் ஆலாபனையைத் தாமே சேர்த்தும், அதே வடிவிற் புதிய பகுதிகளை இயற்றியும் வாசிக்கின்றனர். தாளம் எவ்வளவு விரைவு, அணி எங்கு என்பவற்றுக்கு அவர்களின் செவியே விடை கூற வேண்டும்.

தனிக்குழலுக்குப் பழைய மெட்டைக் கொண்டு புதிது புனைந்தோருள் தலைசிறந்தவர் யாக்கோப் பான் ஐக். யூத்ரெக்ற் நகரத்தவராகிய இவர் பிறவியிலேயே பார்வையற்றவர். தேவாலய மணியிசைக் கலைஞர். அவருடைய குழலிசைத் தொகுதி 1644 முதலாக அச்சேறியது. மக்கள் அறிந்த பாட்டுக்களும் வழிபாட்டுச் சங்கீதங்களுமாக ஏறத்தாழ 150 உருப்படிகளைக் கொண்ட அத்தொகுதி, ஒருவர் தனித்து வாசித்தற்கென்றே அமைந்தது. தேவாலய முற்றத்தில் மாலைவேளையில் உலாவுவோர் மகிழக் குழல் வாசிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் 1649இல் அவருடைய வேதனம் உயர்த்தப்பட்டது. அவர் கையாண்ட முறை நம் சங்கதி முறையை ஒத்தது. முதலில் மெட்டை எவ்வித அணியும் இன்றி வாசிப்பார். அடுத்த சுற்றில் ஒரு சுரம் நின்றவிடத்து இரண்டு சுரங்கள் வரும். பின்னர் நான்கு வரும். எவ்வளவு விரைந்தாலும் கேட்போன் தன் மனத்தில் மூல மெட்டைப் பாடிக்கொண்டே இருப்பான்.

பான் ஐக் 1657இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1656இல், ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர் குழலுக்கு அமைத்த சங்கீத மெட்டுக்கள் 1562இல் நிறைவுபெற்ற ஜெனீவாச் சங்கீதத் தொகுதியைச் சார்ந்தவை. அம்மெட்டுக்களுட் சில இடைக்காலத் தேவாலய இசையிலிருந்து பிறந்தவை. ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபை சென்ற இடமெல்லாம் அவையும் சென்றன. 1749இற் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வூல்வெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனையில் இன்றும் நிற்கின்றது. அதே கொட்டாஞ்சேனையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிற் பஞ்சபுராணம் ஓதப்படுகின்றது. இருவேறு இடைக்காலங்கள் கடல் கடந்து வந்து ஒரே ஊரில் அயலவராயின. நம் நகரத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரண்டையும் ஒருசேர நோக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் ரெக்கோடர் வழக்கொழிந்தது. அதனை மீட்டவருள் முதல்வராக மதிக்கப்படுபவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆர்னல்ட் டொல்மெற்ச். அவர் வைத்திருந்த, பிறெசான் என்னும் பழைய கைவினைஞர் செய்த குழல் 1919இல் லண்டன் வாட்டர்லூப் புகையிரத நிலையத்திற் தவறிப்போயிற்று. அவ்விழப்பே அவரைத் தாமாகக் குழல் செய்யத் தூண்டியது. ஆறு ஆண்டுகளின் பின், 1925இல், ஹேசில்மியரில் அவர் தொடங்கிய இசைவிழாவிற் பழைய இசை புத்துயிர் பெற்றது. அடுத்த தலைமுறையினர் இன்னும் ஓர் அடி முன்சென்றனர். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோ 1966இலும், ஹான்ஸ் மார்ட்டின் லிண்டே 1968இலும் தனி ரெக்கோடருக்கு முற்றிலும் புதிய ஆக்கங்களைத் தந்தனர். மீட்கப்பட்ட கருவி நூதனசாலைப் பொருளாக முடங்காமல், தன் காலத்து மொழியைப் பேசக் கற்றுக்கொண்டது. இழந்ததை அப்படியே பெற முடியாது என்பதை உணர்ந்து, அவ்விழப்பிலிருந்தே ஆக்கத்தைத் தொடங்கிய வரலாறு இது.

குழல் எதிர்கொள்ளும் கட்டுப்பாடுகள்

நம் குழல் கச்சேரி மேடையில் தனியிடம் பெற்றதும் அண்மைக் காலத்திலேயே. கும்பகோணம் சரபசாஸ்திரிகள் (1872–1904) இதற்கு வழிவகுத்தவர், அவரும் பார்வையற்றவரே. அவர் மாணாக்கர் பல்லடம் சஞ்சீவராவும், பின்னர் மாலி என அழைக்கப்பட்ட ரி. ஆர். மகாலிங்கமும் (1926–1986) அக்கலையை வளர்த்தனர். வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலிற் கொணர்வதற்காக விரலிடும் முறையையே மாலி மாற்றினார். ஆயினும், இம்மேதைகள் வாசித்தவை பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்கென இயற்றப்பெற்ற கீர்த்தனங்களே. குழலுக்கென்றே பிறந்த உருப்படிகள் நம்மிடம் மிகச் சில. ஆதலின், பண்ணடிப்படையிற் தனிக்குழல் உருப்படி என்பது இன்னும் உழப்படாத நிலம் எனலாம்.

அந்நிலத்தை உழப் புகுவோன் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். முதலாவது, சொல் இல்லை. பதிகத்தின் தாளம் செய்யுளின் கட்டளையிலிருந்து பிறப்பது. சொல்லை நீக்கினால் அத்தாளத்தின் ஊன்றுகோல் நீங்குகின்றது. ஓதுவார் சீரின் எல்லையில் மூச்சு வாங்கும் ஒழுங்கைக் குழலோன் தன் மூச்சொழுங்காகக் கொள்வானாயின், சொல்லின் எலும்புக்கூடேனும் இசையில் எஞ்சும். இரண்டாவது, தனிக்குழலுக்குத் தம்புரா இல்லையாயின் ஆதாரச் சுரத்தை அடிக்கடி தொட்டு மீண்டு, கேட்போன் செவியில் அதனை நிலைநாட்ட வேண்டும். மூன்றாவது, கருவியின் இயல்பு. மூங்கிற் குழலில் உதட்டின் கோணத்தாலும் துளையைப் பாதி மூடுதலாலும் சுரத்தை அசைக்கலாம். ரெக்கோடரில் ஊதுவழி நிலையானது. மூச்சை மிகுத்தாற் சுரம் ஏறிவிடும், குறைத்தால் இறங்கிவிடும். விரலால் நிழலிடுதலே பெரும்பாலும் எஞ்சிய வழி. எனவே, நீலாம்பரியின் அசைவுகளைப் பாடசாலைக் குழலிற் தேடுவதிலும், அச்சுரத்தானங்களில் நேராக நின்று பேசவல்ல இந்தளத்தில் தொடங்குதல் அறிவுடைமையாகும்.

கருவியின் எல்லை பற்றி நம் மரபே ஒரு கதை வைத்திருக்கின்றது. சம்பந்தர் திருத்தருமபுரத்திற் பாடிய பதிகத்தை யாழில் அடக்க முடியாது திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க ஓங்கினார் என்பதும், சம்பந்தர் அவரைத் தடுத்தார் என்பதும் யாழ்மூரியின் வரலாறு. இதனை யாழின் தோல்வியாகக் காண வேண்டியதில்லை. குரலுக்கு உரியதைக் கருவியிடம் கேட்டல் தகாது, கருவிக்கு உரியதை அது தன் வழியிற் செய்யட்டும் என்பதே அங்குப் பெறத்தக்க படிப்பினை. சம்பந்தர் யாழை உடைக்க விடவில்லை என்பதும் கருதத்தக்கது.

பெயரிடுதலின் அறம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடைபெறும் நம் கலைவிழாக்களில், ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழிசை என்னும் அறிவிப்புடன் உருப்படிகள் மேடையேறுவதுண்டு. அவற்றுட் சில இருபது ஆண்டுப் பழைமை கூட இல்லாதவை. அவை நல்ல இசையாக இருக்கலாம். அறிவிப்பு மாத்திரம் உண்மையன்று. இதனாற் கேடு என்ன என்று கேட்போரும் உளர்.

கேடு இரண்டு. முதலாவது வரலாற்றுக்கு நேர்வது. இந்நாட்டில் யார் முந்தியவர் என்னும் வழக்கிற் கல்வெட்டும் காசும் மட்பாண்ட ஓடும் சான்றுகளாக அழைக்கப்படுகின்றன. அவ்வாறான சூழலில், தக்க ஆதாரமின்றிப் பழைமை கூறும் ஒவ்வொரு கூற்றும், ஆதாரமுள்ள நம் மற்றைய கூற்றுக்களின் மீதும் ஐயத்தை விளைவிக்கும். ஒரு பொய்த்தூண் முறிந்தால் அதனருகே நிற்கும் மெய்த்தூண்களையும் மக்கள் தட்டிப் பார்ப்பர். நம் உரிமைகள் பழைமையினாற் மாத்திரம் வந்தவையும் அல்ல. இன்று இங்கு வாழ்கின்றோம் என்பதே உரிமைக்குப் போதிய காரணம். இதனை மறந்து பழைமையையே ஒற்றைக் கேடயமாகப் பிடிப்போர், அக்கேடயம் துளைபட்டவுடன் நிராயுதபாணிகளாவர்.

இரண்டாவது கேடு கலைக்கு நேர்வது. பழையது என்று கூறினாலன்றி மேடை கிடையாது என்னும் நிலை தோன்றுமாயின், இளங்கலைஞன் தன் ஆக்கத்துக்குத் தன் பெயரையிட அஞ்சுவான். அது சம்பந்தரது பண், அது சங்கத்தார் இசை என்று முன்னோர் முதுகின்பின் ஒளிந்துகொள்வான். படைப்பவன் பெயரற்றவனாவான்; முன்னோரோ தாம் செய்யாதவற்றுக்குப் பொறுப்பாளிகளாவர். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயரை இழந்த நாம், அதே பிழையை மீண்டும் செய்தல் ஆகாது.

இதற்கு மாற்று எளியது. ஏட்டுச்சுவடியை அச்சிடும் பதிப்பாசிரியர், மூலத்தில் உள்ளது இது, யான் சேர்த்தது இது என்று குறித்துக் காட்டுதல் மரபு. உ. வே. சாமிநாதையர் போன்றோர் நமக்குக் கற்பித்த நேர்மை அது. குழலுக்கு உருப்படி புனைவோனும் அவ்வாறே செய்யலாம். பண்ணின் பெயர் திருமுறை வகுப்பிலிருந்து வந்தது, சுர அமைப்பு ஓதுவார் வழக்கின்படி இன்ன இராகத்திலிருந்து வந்தது, மூச்சொழுங்கு இன்ன பதிகத்தின் கட்டளையிலிருந்து வந்தது, எஞ்சியவை யான் இயற்றியவை, ஆண்டு இது, என் பெயர் இது. இவ்வளவும் நிகழ்ச்சி நிரலில் நான்கு வரிகளில் அடங்கிவிடும். கேட்போன் எதையும் இழக்கமாட்டான். எது எட்டு நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது, எது சென்ற மாதம் பிறந்தது என்பதை அறிந்து கேட்பவன் இரண்டையும் கூர்ந்து கேட்பான்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பழம் பண்ணை அடியொற்றித் தனிக்குழலுக்குப் புதிது இயற்றுதல் மரபை மீறுவதன்று என்பதும், மரபை அப்படியே மீட்பதும் அன்று என்பதும் புலனாகும். இன்றைய பண்கள் ஓதுவார் குரல்வழி வந்தவை. வழியிற் சில வேறுபாடுகளை இழந்தவை. யாழ் நூல் போன்ற பேராராய்ச்சிகள் கருவியின் உடலையும் சுரத்தின் அளவையும் தந்துள்ளன; உயிரை நாமே ஊட்ட வேண்டும். யூத்ரெக்ற் நகரத்துக் கலைஞர் ஊரறிந்த மெட்டில் தம் காலத்து இசையைச் செய்து தம் பெயருடன் வெளியிட்டார். அவர் பெயர் நின்றது; மெட்டும் நின்றது.

ஆனாயர் ஊதிய இசை ஏட்டிலும் இல்லை, கல்லிலும் இல்லை. அதனை எவரும் மீண்டும் வாசிக்க இயலாது. ஆயினும், மூங்கிலைத் தேர்ந்து, அளவறிந்து துளையிட்டு, அறிந்த பண்ணில் அறியாத இசையை ஆக்கிய அச்செயலை எவரும் மீண்டும் செய்யலாம். ஈழத்துத் தமிழ் மாணவர் எவரேனும் அதனைச் செய்ய முன்வருவாராயின், அவ்வாக்கத்தின் தலைப்பில் முன்னோரின் பண்ணையும் அடியில் தம் பெயரையும் துணிந்து எழுதுவாராக.